தீக்குளிக்கச் சொல்லும் திடல்

செங்கற்சூளையிலே தலைமேல் கல் அடுக்கி நடப்பவளைப் பார்த்து, "நீ பெண்தானா?" என்று எவரும் கேட்டதில்லை. சிவகாசிச் சீமையிலே, விரல் தேய விரல் தேயச் சரவெடி பின்னுபவளைப் பார்த்து, "உன் குருதியிலே என்ன இருக்கிறது, காட்டு!" என்று எவரும் கேட்டதில்லை. தீப்பெட்டி ஆபீசிலே கட்டை அடுக்குபவள், களத்துமேட்டிலே மூட்டை தூக்குபவள், வேலிக்கருவைக் காட்டிலே விறகு வெட்டித் தலைச்சுமையாய்க் கொண்டு வருபவள் ஆகிய இவர்களுடைய தோள் வலிமையைக் கண்டு ஐயுற்று, மருத்துவர் குழுவை அனுப்பி ஆராய்ந்திட எந்த அவையும் முனைந்ததில்லை. வலிமை உழைப்புக்குப் பயன்படும் வரையில் அது பெண்ணின் கடமை. அதே வலிமை வெற்றிக்குப் பயன்பட்டுவிட்டால்? அப்போது அது குற்றம்! அப்போதுதான் கிளம்புகிறது அந்தக் கேள்வி: "நீ பெண்தானா?"

இந்தக் கேள்வியைத்தான் இன்று விளையாட்டு உலகம் சட்டமாக்கி வைத்திருக்கிறது. அதற்குப் பாலினச் சோதனை என்று பெயரும் சூட்டியிருக்கிறது. அந்தச் சட்டத்தை, அதற்குச் சொல்லப்படும் காரணங்களை, அதன் கீழ் நசுங்கிய நம் வீட்டுப் பெண்ணொருத்தியின் கதையை நிறுத்துப் பார்ப்பது நம் கடமை.

புதுக்கோட்டை மாவட்டத்திலே கத்தக்குறிச்சி என்றொரு சிற்றூர். அங்கே, செங்கற்சூளையிலே கூலி வேலை செய்து வயிறு கழுவிய ஓர் ஒடுக்கப்பட்ட குடும்பத்திலே பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். ஓட்டமே அவருக்குச் சொத்து. உறுதியே அவருக்கு உணவு. 2005இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரிலே நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்திலே வெள்ளி வென்றார். 2006 டிசம்பரிலே கத்தார் நாட்டின் தோகா நகரில் ஆசிய விளையாட்டு. அங்கும் 800 மீட்டர். 2 நிமிடம் 3.16 விநாடி, அங்கும் வெள்ளி! கஜகஸ்தான் நாட்டு வீராங்கனையை விநாடியிலே நூறில் மூன்று பங்கு வேறுபாட்டில் முந்திப் பெற்ற வெள்ளி.

நூறில் மூன்று பங்கு விநாடி! கண் இமைக்க ஆகும் நேரத்தினும் குறைவு. அந்தச் சிறு பொழுதை வெல்வதற்காக ஓர் ஏழைப் பெண் எத்தனை விடியற்காலைகளைச் செலவிட்டிருப்பாள்! ஆனால், அந்த வெற்றி அவர் கையிலே தங்கிய நாட்கள் எத்தனை? ஒரு மாதம்கூட இல்லை. வென்ற மறுநாளே அழைத்தனர், மருத்துவர்கள் சூழ்ந்தனர், உடலை ஆராய்ந்தனர். மகளிர் நோய் மருத்துவர், சுரப்பிகளின் வல்லுநர், மரபியல் வல்லுநர், உளவியல் வல்லுநர் என்று குழு அமைத்தனர். எதற்காக இந்தச் சோதனை, இதன் விளைவு என்ன, மறுக்கும் உரிமை உண்டா என்று அவருக்கு அவர் மொழியிலே விளக்கிட, பக்கத்திலே நின்று அவருக்காகப் பேசிட, அந்தக் குழுவிலே இடமில்லை. சில நாட்களில், எவர் காதுக்கும் எட்டக்கூடாத அந்தச் செய்தி தொலைக்காட்சிகளிலே ஓடிற்று. பதக்கம் பறிக்கப்பட்டது.

செய்தித்தாள்கள் எழுதின: "பாலினச் சோதனையில் தோற்றார்!"

தோற்றார்! அந்தச் சொல்லைச் சற்றே கவனியுங்கள், தோழர்களே. கணக்கிலே தோற்கலாம், ஓட்டத்திலே தோற்கலாம், தேர்தலிலே தோற்கலாம். பிறந்த உடலிலே ஒருவர் தோற்பது எப்படி? ஊக்கமருந்து உண்டவர் தோற்றார் என்றால் பொருளுண்டு. அவர் தெரிந்தே தவறு செய்தவர். இந்தப் பெண் எதையும் உண்ணவில்லை, எதையும் மறைக்கவில்லை, பெண்ணாகப் பிறந்தார், பெண்ணாக வளர்ந்தார், பெண்ணாக ஓடினார். அவர் செய்யாத செயலுக்கு, அவர் அறியாத பாடத்திலே தேர்வு வைத்து, "தோற்றார்" என்று மதிப்பெண்ணும் போட்டுவிட்டனர். அந்தச் சோதனையின் முடிவு என்ன, அதன் மருத்துவப் பெயர் என்ன என்பதை இந்தக் கட்டுரை எழுதப் போவதில்லை. அது அவருடைய உடல், அவருடைய செய்தி. எழுதியவர்கள் செய்த பிழையை நாமும் செய்ய வேண்டியதில்லை.

பிறகு நடந்தது என்ன? அன்றைய முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி, பதக்கம் பறிபோன பிறகும், 15 இலட்சம் ரூபாய்ப் பரிசை அந்த வீராங்கனைக்கு வழங்கினார். அது தமிழ்நாடு காட்டிய மாண்பு. ஆனால், பேச்சு நின்றதா? ஏளனம் நின்றதா? 2007இல் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார் என்ற செய்தி வந்தது. 2012இல், ஆசிய வெள்ளியை வென்ற அந்தக் கால்கள், நாளொன்றுக்கு 200 ரூபாய்க் கூலிக்குச் செங்கற்சூளையிலே நின்றன. அது செய்தியாகி நாடு வெட்கிய பின்னரே பெங்களூரிலே பயிற்றுநர் படிப்புக்கு வழி பிறந்தது. பின்னர்த் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திலே பயிற்றுநராகப் பணியும் கிடைத்தது. இன்று அவர் பிறரை ஓடப் பழக்குகிறார். அவருடைய பதக்கம்? அது திரும்பவில்லை.

சூளைக்குத் திரும்பியபோது எவராவது கேட்டாரா, "இந்த வேலை பெண்களுக்குரியது, நீ பெண்தானா?" என்று? கேட்கவில்லை! 200 ரூபாய்க் கூலிக்குச் சான்றிதழ் தேவையில்லை; வெள்ளிப் பதக்கத்துக்குத்தான் தேவை. இதுதான் இந்தச் சோதனையின் உள்ளே மறைந்திருக்கும் உண்மை.

"உணர்ச்சிவயப்பட்டுப் பேசுகிறீர்கள், இது விஞ்ஞானம். விஞ்ஞானத்தைப் போற்றும் பகுத்தறிவாளர்கள் அல்லவா நீங்கள்? ஆய்வுக்கூடம் சொல்வதை ஏற்க வேண்டாமோ?" என்று சிலர் நம்மையே மடக்குவர். நல்ல கேள்வி. பகுத்தறிவு என்பது வெள்ளைச் சட்டை அணிந்தவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதன்று. பூசாரி சொன்னாலும் கேள். பேராசிரியர் சொன்னாலும் கேள். அதுதானே நாம் கற்ற பாடம்? ஆகவே, விஞ்ஞானத்தை விஞ்ஞானத்தின் வாயாலேயே விசாரிப்போம்.

முதலில் இந்தச் சோதனையின் குலமுறை கிளத்துவோம். 1966இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரிலே ஐரோப்பியத் தடகளப் போட்டி. அங்கே வீராங்கனைகள் ஆடை களைந்து மருத்துவர் குழுவின் முன் நிற்க வேண்டும் என்றனர். கண்ணால் பார்த்துப் பெண்மை அளந்தனர்! எதிர்ப்பு எழவே, 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கிலே முறை மாறிற்று: கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி, உயிரணுவிலே எக்ஸ் குரோமோசோமின் அடையாளத்தைத் தேடினர். ஆடையைக் களைவதற்குப் பதில் அணுவைக் களைந்தனர். கேள்வி மட்டும் மாறவில்லை.

அந்த முறையின் கதி என்ன? 1985இல் ஜப்பானின் கோபே நகரிலே உலகப் பல்கலைக்கழகப் போட்டி. ஸ்பெயின் நாட்டுத் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினஸ் பத்தினியோவுக்கு அந்தச் சோதனையில் ஒய் குரோமோசோம் இருப்பதாகத் தெரிந்தது. காயம் பட்டதாக நடித்து ஒதுங்கிவிடு என்று அறிவுரை கூறினர். அவர் ஒதுங்கவில்லை, தன் நாட்டுப் போட்டியிலே மீண்டும் ஓடினார். செய்தி வெளியே கசிந்தது, உதவித்தொகை போயிற்று, பதிவேட்டிலிருந்து வெற்றிகள் அழிந்தன. ஆனால், அவர் உடல் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பை ஏற்கவே முடியாத உடல்! எந்தச் சுரப்பினால் ஆணுக்கு வலிமை கூடுகிறது என்கிறார்களோ, அந்தச் சுரப்பு அவருக்குள்ளே இருந்தும் பயனில்லை. பூட்டு இருக்கிறது, சாவி நுழையவில்லை. விஞ்ஞானிகள் அவருக்காக வாதாடினர். 1988இல் உரிமை மீண்டது. ஓர் ஓட்டக்காரியின் பொன்னான ஆண்டுகள் மீளவில்லை.

1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலே 3,387 வீராங்கனைகளைச் சோதித்தனர். எட்டுப் பேருக்கு ஒய் குரோமோசோம் சார்ந்த மரபணு இருந்தது. அந்த எட்டுப் பேரும் பெண்கள் என்றே முடிவாகி, எட்டுப் பேரும் போட்டியிலே கலந்துகொண்டனர். பெண் வேடமிட்டு வந்த ஆண் ஒருவன்கூட அகப்படவில்லை! 30 ஆண்டுகள் வலை வீசியும் சிக்காத மீனுக்காக எத்தனை வலை! 1999இல் ஒலிம்பிக் குழு அந்தப் பொதுச் சோதனையைக் கைவிட்டது.

கைவிட்டது சரி, ஆனால் கதவை முழுதும் மூடவில்லை. ஐயம் எழுந்தால் ஒருவரைத் தனியே அழைத்துச் சோதிக்கலாம் என்று ஒரு சந்து விட்டு வைத்தனர். அந்தச் சந்திலேதான் 2006இல் நம் சாந்தி சிக்கினார். 2009இல் பெர்லின் நகரிலே 800 மீட்டரில் தங்கம் வென்ற தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா, 18 வயதுப் பெண், சிக்கினார். ஐயம் யாருக்கு எழுந்தது? எதைக் கண்டு எழுந்தது? குரலைக் கண்டா, மார்பைக் கண்டா, தசையைக் கண்டா? நுனி மூக்கும் மெல்லிடையும் மென்குரலும் உடையவளே பெண் என்று எவரோ எழுதிவைத்த இலக்கணத்துக்கு மாறாக இருந்ததைக் கண்டுதானே! புலவர்கள் கொடியிடை என்றனர். சிற்பிகள் அதையே செதுக்கினர். சிவகாசியின் அச்சகங்கள் அதையே நாட்காட்டிகளில் அச்சிட்டு நாடெங்கும் அனுப்பின. அந்த நாட்காட்டிப் பெண்ணைப் போல் இல்லாதவள்மீது ஐயம்! அந்த ஐயத்துக்கு விஞ்ஞானம் எடுபிடி!

இனி, உடலின் உண்மையைப் பார்ப்போம். பள்ளிப் பாடத்திலே, எக்ஸ்-எக்ஸ் என்றால் பெண், எக்ஸ்-ஒய் என்றால் ஆண் என்று படித்தோம். பெரும்பாலோர்க்கு அது சரி. ஆனால் இயற்கை, பாடநூலைப் படித்துவிட்டுப் பணி செய்வதில்லை. குரோமோசோம் ஒன்று, அதிலுள்ள மரபணு இன்னொன்று, சுரப்பி வேறொன்று, சுரப்பு மற்றொன்று, அந்தச் சுரப்பை ஏற்கும் திறன் பிறிதொன்று, வெளியே தெரியும் உறுப்பு இன்னும் ஒன்று. இத்தனையும் ஒரே திசையிலே செல்வது வழக்கம். செல்லாமற் போவதும் உண்டு. அப்படிப் பிறப்பவர் இடைப்பால் உடலினர். அவர்கள் இயற்கையின் பிழைகளல்லர். இயற்கையின் பல வகைகளிலே ஒரு வகையினர்.

இங்கே ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண் பருவமடையும்போது பெருகும் டெஸ்டோஸ்டிரோன் எலும்பையும் தசையையும் வளர்க்கிறது. ஓட்டப் போட்டிகளிலே சிறந்த ஆண்களுக்கும் சிறந்த பெண்களுக்கும் இடையே சுமார் 10 முதல் 12 விழுக்காடு வேறுபாடு உண்டு. அதனால்தான் பெண்களுக்குத் தனிப் போட்டி வைத்தனர். அது பெண்ணுரிமையின் வெற்றி. அந்தத் தனிப் பிரிவுக்கு ஒரு வரம்பு வேண்டும் என்று கேட்கும் வீராங்கனைகள் நம் பகைவரல்லர். நாம் கேட்பது வேறு: வரம்பு வகுப்பவர்கள் உறுதியான அறிவின் மேல் நின்று வகுக்கிறார்களா? வரம்பின் அருகே நிற்கும் பெண்ணை மனிதராக நடத்துகிறார்களா?

விருதுநகர்ச் சந்தையை அறியாதவர் இல்லை. மிளகாய்க்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் பேர் போன ஊர். அங்கே ஒரு வணிகர் இன்று ஒரு படிக்கல், நாளை ஒரு படிக்கல், மறுநாள் வேறொரு படிக்கல் வைத்து நிறுத்தால் சந்தை சும்மா விடுமா? தராசைப் பிடுங்கிவிடும்! உலகத் தடகள அமைப்பு என்ன செய்தது? 2011இல் விதி வகுத்தபோது, பெண் ஒருவரின் குருதியில் டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 10 நானோமோல் வரை இருக்கலாம் என்றது. 2018இல் எழுதி 2019இல் நடைமுறைக்கு வந்த விதியிலே 5 என்றது. அதுவும் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும் என்றது. 2023இல் 2.5 என்றது, எல்லாப் போட்டிகளுக்கும் என்றது, 24 மாதம் அந்த அளவுக்குக் கீழே இருந்து காட்ட வேண்டும் என்றது. பத்து, ஐந்து, இரண்டரை! படிக்கல் மாறிக்கொண்டே வந்தது. நிறுக்கப்பட்டவளின் உடல் மட்டும் மாறவில்லை.

அந்தப் படிக்கல்லின் அடித்தளமாவது உறுதியா? அந்த அமைப்பின் அறிவியலாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, சுரப்பின் அளவுக்கும் ஓட்டத்தின் வேகத்துக்கும் தொடர்பு காட்டிற்று. விதிக்கு ஆதரவாக அது எடுத்துக்காட்டப்பட்டது. 2021இல் அதே ஆய்வாளர்கள் திருத்தம் வெளியிட்டனர்: தங்கள் ஆய்வு, இதனால்தான் இது விளைந்தது என்று நிறுவவில்லை என்று ஒப்புக்கொண்டனர். தவற்றைத் திருத்திக்கொள்வது விஞ்ஞானத்தின் பெருமை, ஐயமில்லை. ஆனால், திருத்தம் வருவதற்கு முன்பே தண்டனை வந்துவிட்டதே, அதற்கு யார் பொறுப்பு?

படிக்கல்லைத் தூக்கி நிறுத்திக் கேள்வி கேட்டவர் ஒடிசா மாநிலத்து நெசவாளர் குடும்பத்துப் பெண் தூத்தி சந்த். 2014இல் காமன்வெல்த் போட்டிக்குச் செல்ல இருந்தவரைச் சுரப்பு மிகுதி என்று கூறி நிறுத்தினர். மருந்துண்டு அளவைக் குறை, இல்லையேல் ஓடாதே என்றனர். "என் உடலிலே நோயில்லை, நோயில்லாத உடலுக்கு மருந்து எதற்கு?" என்பதே அவருடைய வழக்கின் சாரம். சுவிட்சர்லாந்திலே லோசான் நகரில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குச் சென்றார். 2015 ஜூலையிலே, போதிய சான்று இல்லை என்று கூறி அந்த விதியையே நிறுத்திவைத்தது நீதிமன்றம். 2018 ஆசியப் போட்டியிலே 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வென்று வந்தார் தூத்தி.

சாந்திக்கும் தூத்திக்கும் இடையே வேறுபாடு எங்கே? குருதியிலா? அன்று! துணையிலே! தூத்திக்கு இந்திய விளையாட்டு ஆணையம் துணை நின்றது, விவரமறிந்தோர் வழிகாட்டினர், வழக்கறிஞர்கள் வாதாடினர். எட்டாண்டுகளுக்கு முன் சாந்திக்கு எவருமில்லை. துணையிருந்தவருக்கு நீதிமன்றம், துணையற்றவருக்குச் செங்கற்சூளை! இதைவிட வெளிப்படையாக இந்தச் சோதனையின் வர்க்கத்தைக் காட்ட வேறு சான்று வேண்டுமா?

இன்னொரு கொடுமையும் உண்டு. வளரும் நாடுகளின் சிற்றூர்களிலிருந்தும் மலைப்பகுதிகளிலிருந்தும் வந்த நான்கு இளம் வீராங்கனைகளுக்குப் பிரான்சிலே அறுவை செய்து உறுப்புகளை அகற்றிய செய்தியை, 2013இல் மருத்துவர்களே ஓர் ஆய்விதழில் எழுதினர். அந்தப் பெண்களுக்கு வயது 18 முதல் 21. அவர்களுடைய உடல்நலத்துக்கு அந்த அறுவை தேவையில்லை. ஓட வேண்டுமே என்பதற்காகவே அறுபட்டனர். ஏழை நாட்டுப் பெண்ணின் உடல் எவ்வளவு மலிவு, பாருங்கள்!

இன்றைய நிலை என்ன? 2025 செப்டம்பர் முதல், உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவிலே உலகப் போட்டிகளில் ஓட வருபவர் எல்லாரும் வாழ்நாளில் ஒருமுறை மரபணுச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று ஆணையிட்டிருக்கிறது. எஸ்.ஆர்.ஒய். என்னும் ஒரு மரபணுவைத் தேடுகிறது. "பார்த்தீர்களா, இனி ஐயத்துக்கு இடமில்லை, எல்லாருக்கும் ஒரே சோதனை, இது சமத்துவம் அல்லவா?" என்கின்றனர்.

அந்த மரபணுவை 1990இல் கண்டறிந்த குழுவைச் சேர்ந்த விஞ்ஞானி ஆண்ட்ரூ சின்கிளேர். அவரே எழுந்து, ஒரு மரபணுவை வைத்து ஒருவரின் பாலை முடிவு கட்டுவது மிக எளிமைப்படுத்திய செயல் என்று 2025இல் எதிர்ப்புத் தெரிவித்தார். மரபணு இருக்கிறது என்று சோதனை சொல்லும். அது வேலை செய்கிறதா, சுரப்பு சுரக்கிறதா, உடல் அதை ஏற்கிறதா என்று சொல்லாது. பத்தினியோவைப் போன்று சுரப்பை அறவே ஏற்காத உடலினருக்கு விதியிலேயே விலக்கு எழுத வேண்டியதாயிற்று. விலக்கு வேண்டியிருக்கிறது என்பதே, அந்த ஒற்றைக் கோடு போதவில்லை என்பதற்கு ஒப்புதல் வாக்குமூலம் அன்றோ?

எல்லாருக்கும் ஒரே சோதனை என்பதால் சமத்துவம் வந்துவிடுமா? ஊசி ஒன்றுதான், குத்தும் இடம் வேறு. வசதி படைத்த நாட்டு வீராங்கனைக்கு வேண்டாத முடிவு வந்தால், அருகிலே மருத்துவர், வழக்கறிஞர், உளவியல் துணைவர். வானம் பார்த்த பூமியிலே, வாரக்கூலிக் குடும்பத்திலே பிறந்தவளுக்கு வந்தால்? "உன் பெயர் பட்டியலில் இல்லை" என்ற ஒரு வரி, ஊரிலே ஆயிரம் வாய், வீட்டிலே அழுகை. தேசிய அணியிலிருந்து காரணமின்றி ஒருவர் பெயர் மறைந்தாலே போதும், மறைவு என்ற மறைவெல்லாம் கிழிந்துவிடும்.

முறையிடச் சென்றால் நீதி கிடைக்குமா? செமென்யா சென்றார். 2019இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம், அந்த விதி வேறுபாடு காட்டுவதுதான் என்று ஒப்புக்கொண்டு, ஆனாலும் அது தேவை என்று இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேராயம் 2025 ஜூலையிலே, சுவிட்சர்லாந்து நீதிமன்றம் அவர் வழக்கை உரிய முறையில் விசாரிக்கவில்லை என்று கண்டது. பெர்லினில் வென்ற பெண்ணுக்கு, "உன்னைச் சரியாக விசாரிக்கவில்லை" என்ற ஒரு வரி கிடைக்க 16 ஆண்டுகள்!

பெண்ணை ஐயுற்றுச் சோதிக்கும் பழக்கம் புதியதன்று. சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன கதையைக் காலமெல்லாம் கேட்டவர் நாம். ஐயம் இராமனுக்கு, தீ சீதைக்கு! அந்தத் தீயிலே இறங்கி மீண்டவளையும் பிறகு ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிக் காட்டுக்கு அனுப்பினர் என்கிறது கதை. சோதனையிலே வென்றாலும் ஐயம் தீர்வதில்லை. ஏனெனில் ஐயம் அவள் உடலிலே இல்லை, பார்ப்பவன் கண்ணிலே இருக்கிறது. அன்று தீ, இன்று கன்னத்தைச் சுரண்டும் பஞ்சு. கருவி நாகரிகமடைந்தது, கண் நாகரிகமடையவில்லை.

பிறப்பைக் காட்டு, பிறகு உள்ளே வா என்ற கட்டளையின் கொடுமை இந்தப் பகுதிக்குப் புதிதா? 1899இல் சிவகாசியிலே கோவிலுக்குள் நுழையும் உரிமை கேட்ட நாடார் மக்கள்மீது மூண்ட கலவரத்தை வரலாறு மறக்கவில்லை. கையில் பணமிருந்தும், கணக்கில் நேர்மையிருந்தும், உழைப்பில் உயர்விருந்தும், "உன் பிறப்பு சரியில்லை, வெளியே நில்!" என்றனர். அந்தச் சொல்லின் சூட்டை அறிந்த மண் இது. 1931இல் சுயமரியாதை மாநாடு கண்ட விருதுநகர் இது. வாயிலிலே நின்று பிறப்பை அளப்பவன் கையிலே பஞ்சாங்கம் இருந்தால் என்ன, ஆய்வுக்குழாய் இருந்தால் என்ன? அளக்கப்படுபவளின் மானம் ஒன்றுதானே?

இவ்வளவும் தோகாவிலும் லோசானிலும் நடக்கிறது, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். இந்தச் சோதனை ஆய்வுக்கூடத்திலே பிறப்பதில்லை. நம் ஊர்ப் பள்ளித் திடலிலே பிறக்கிறது! சிவகாசியிலோ சாத்தூரிலோ வெம்பக்கோட்டையிலோ, பட்டாசு ஆலைத் தொழிலாளியின் மகள் ஒருத்தி வேகமாக ஓடுகிறாள் என்று வையுங்கள். முடியைக் குறுக வெட்டியிருக்கிறாள், தோள் அகன்றிருக்கிறது, குரல் சற்றுத் தடித்திருக்கிறது. திடலின் ஓரத்திலே நிற்கும் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "ஆம்பளை மாதிரி ஓடுறா பாரு!" பாராட்டு என்றே அவர் எண்ணுகிறார். அந்த ஒரு வரிதான், தோழர்களே, மருத்துவர் குழுவுக்கு எழுதப்படும் முதல் விண்ணப்பம்! வேகம் என்றால் ஆணுடையது, வலிமை என்றால் ஆணுடையது, பெண்ணிடம் அது இருந்தால் எங்கிருந்தோ திருடியது என்னும் எண்ணம் அந்த வரியிலே இருக்கிறது. அடுத்த மாதம் அவளுடைய தாய், "ஓடினது போதும், ஊர் என்ன பேசும்?" என்பாள். அதோடு ஒரு சாந்தி, சாந்தியாகாமலே முடிந்துவிடுவாள். அந்த இழப்பு எந்தச் செய்தித்தாளிலும் வராது.

ஆகவே, நாம் கேட்க வேண்டியவை சில. செய்ய வேண்டியவை சில.

ஒரு வீராங்கனையின் உடலைச் சோதிப்பதாயின், அவள் தாய்மொழியிலே, அவள் நம்பும் ஒருவர் உடனிருக்க, எதற்கு, என்ன விளைவு என்று விளக்கி, அவள் இசைவைப் பெற்றாக வேண்டும். முடிவு அவளுக்கு மட்டுமே சொல்லப்பட வேண்டும். கசியவிட்டவர் தண்டிக்கப்பட வேண்டும். மருத்துவ ஆலோசனைக்கும் முறையீட்டுக்கும் ஆகும் செலவைச் சோதனை கேட்கும் அமைப்பே ஏற்க வேண்டும். ஓடுவதற்கு விலையாக அறுவையோ மருந்தோ கேட்கப்படலாகாது. இந்தக் கடைசிக் கோரிக்கைக்குத் தமிழ்நாடு ஏற்கெனவே வழிகாட்டியிருக்கிறது: 2019 ஏப்ரலிலே சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இடைப்பால் குழந்தைகளுக்குத் தேவையற்ற பால்மாற்று அறுவை கூடாது என்று தீர்ப்பளித்தது, அதே ஆண்டு ஆகஸ்டிலே தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர அதற்குத் தடை விதித்து ஆணையிட்டது. தொட்டிலிலே கிடக்கும் குழந்தைக்குக் கிடைத்த அந்தக் காப்பு, திடலிலே ஓடும் 18 வயதுப் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டாமா?

அடுத்து, சாந்தியின் பதக்கம். வேலை கொடுத்துவிட்டோமே என்று வாளாவிருத்தல் தகாது. வேலை வயிற்றுக்கு, பதக்கம் மானத்துக்கு. அன்று நடந்த முறை சரியா என்று இன்றைய அறிவின் ஒளியிலே மறுபடி ஆராய்ந்திட இந்திய ஒலிம்பிக் சங்கமும் அரசும் ஆசிய ஒலிம்பிக் மன்றத்தை வற்புறுத்த வேண்டும்.

மூன்றாவது, நம் கையிலேயே இருப்பது. உடற்பயிற்சி ஆசிரியர்களே, மன்றத்துத் தோழர்களே, நூலகத்திலே கூடும் இளைஞர்களே! உங்கள் ஊர்த் திடலிலே எவரேனும் "ஆம்பளை மாதிரி" என்று சொன்னால், அங்கேயே நிறுத்துங்கள். "ஆம்பளை மாதிரி இல்லை, அண்ணே, அவ அவ மாதிரி ஓடுறா" என்று சொல்லுங்கள். உடலின் வகைகள் பற்றி உங்கள் படிப்பு வட்டங்களிலே பேசுங்கள், கூச்சப்படாதீர்கள். கூச்சம்தான் வதந்திக்குத் தாய்.

வெடிமருந்தைக் கையாளும் பெண்களின் சீமை இது. தீயின் அருகிலேயே நாள்தோறும் இருந்து, தீபாவளிக்கு நாட்டுக்கு ஒளி செய்து அனுப்புகிறவர்கள் அவர்கள். அவர்கள் பெற்ற பெண்கள் ஓட வரும்போது இன்னொரு தீயை மூட்டி, இதிலும் இறங்கு என்று எவரும் கேட்க வேண்டாம். ஓடட்டும், முந்தட்டும், வெல்லட்டும். வென்று வந்தால் மாலையோடு நிற்போம். எவரேனும் ஐயத்தோடு வந்தால் அவளுக்கும் அவருக்கும் நடுவிலே நிற்போம்.